நூல் வால் பார்க்க ரொறன்ரோ போனேன்

ஒக்டோபர் 12, 1996, சனிக்கிழமை, பின்னேரம் 4.20

ரொறன்ரோ விமான நிலையத்தில், "எதற்காக வந்தீர்கள்?" என்று குடிவரவு அதிகாரி கேட்டபோது, "பழைய சட்டை பார்க்க" என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அந்த மனிதன் பேனாவைக் கீழே வைத்தான். என்ன சட்டை, யாருடைய சட்டை, லண்டனில் சட்டை இல்லையா என்று தொடங்கினான். பின்னால் நின்ற வரிசை முழுக்க என்னைத் திட்டியிருக்கும். கடைசியில், "மச்சாள் வீட்டுக்கு விருந்தாளியாக" என்றேன். உடனே முத்திரை குத்திவிட்டான். உண்மைக்கு இந்த உலகத்தில் இருக்கிற மரியாதை அவ்வளவுதான்.

நான் லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருக்கிறேன். ஒரு தையல் தொழிற்சாலையில் பதினொரு வருடமாக நூல் வெட்டுகிறேன். தைத்து முடிந்த சட்டை என் மேசைக்கு வரும். தொங்குகிற நூல்களைச் சின்னக் கத்தரியால் வெட்டுவேன், பிழைத்த தையலைப் பிரித்துத் திருப்பி அனுப்புவேன். ஒரு நாள் முதலாளி, பார்த்துத் தைப்பதற்கென்று ஒரு பழைய அமெரிக்க வேலைச் சட்டையைக் கொண்டுவந்தார். ஐம்பது வருடத்துக்கு முந்தியது, தொழிலாளிகள் போடுகிற நீலச் சட்டை. அதன் பக்கத் தையல் முடிகிற இடத்தில், கீழ் விளிம்புக்கு வெளியே, ஒரு சாண் நீளத்துக்கு நூல் வால் மாதிரித் தொங்கியது. நான் கத்தரியைக் கொண்டுபோக, முதலாளி கத்தின கத்தலில் தேநீர்க் கோப்பை விழுந்து உடைந்தது.

அந்தக் காலத்து மெஷின் சங்கிலித் தையல் தைக்கும். ஒரு சட்டை முடிய அடுத்த சட்டையைக் கொடுத்துக்கொண்டே போவார்கள், நிறுத்தமாட்டார்கள். நடுவில் மிஞ்சுகிற நூல்தான் அந்த வால். அதை வெட்ட அங்கே ஆள் வைக்கவில்லை. அப்படியே கடைக்குப் போனது, அப்படியே யாரோ போட்டுக்கொண்டு ரயில் பாதை போட்டான், நிலக்கரி அள்ளினான். எனக்கு என்னவோ செய்துவிட்டது. பதினொரு வருடத்தில் என் மேசையைத் தாண்டின ஒரு சட்டைக்கும் வால் இருந்ததில்லை. என்னைப் போல ஒருத்தி இல்லாத உலகத்தில் தைத்த சட்டை அது. அன்றைக்குப் பிடித்த விசர், இன்றைக்கு எங்கள் வீட்டு அலுமாரியில் பதினொரு சட்டையும் நாலு ஜாக்கெட்டுமாக நிற்கிறது. என் வீட்டுக்காரர் அதற்கு வைத்த பெயர் 'குப்பை'.

மூன்று வருடத்துக்கு முன்னர், 'பழைய வேலைச் சட்டை சேர்க்கிறவர்கள் எழுதுங்கள்' என்று லண்டன் தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் சின்ன விளம்பரம் போட்டேன். வந்தது ஒரேயொரு கடிதம், ரொறன்ரோவிலிருந்து. எழுதினவர் சூசையண்ணை, மன்னார்ப் பக்கத்து மனிதர். ரெக்ஸ்டேலில், பழைய உடுப்புகள் மூட்டையாக வந்து இறங்குகிற கிடங்கில், தரம் பிரிக்கிற வேலை. அங்கே வேலை செய்கிறவர்கள் விரும்பினதைக் கிலோக் கணக்கில் நிறுத்து வாங்கலாமாம். அவர் வாங்குவது வேலைச் சட்டையும் வேலை ஜாக்கெட்டும் மட்டும். பொத்தானின் மேல் கடதாசியை வைத்துப் பென்சிலால் தேய்த்து, அந்த அச்சைக் கடிதத்தோடு அனுப்புவார். நான் லண்டனிலிருந்து என்னுடையதை அனுப்புவேன். இப்படி மூன்று வருடம்.

இந்த ஓகஸ்டில் எழுதினார்: 'மனைவியும் மூண்டு பிள்ளையளும் நவம்பரிலை வந்து சேருகினம். ஒரு அறை வீடு. அலுமாரி வெறுமையாக வேணும். என்னட்டை நாற்பத்திமூண்டு உருப்படி இருக்கு. வருசத்திலை இரண்டுதரம் வாற ஜப்பான்காரர் ஒருவர் எல்லாத்தையும் எடுக்கிறன் எண்டு நிக்கிறார். ஆனால் அவர் விக்கிறவர். நீங்கள் வைச்சிருக்கிற ஆள். நேரிலை வாங்கோ. கையைப் பாத்துத்தான் குடுப்பன்.'

அதற்காகத்தான் இந்தப் பயணம். எட்டு நாள், நாற்பத்திமூன்று உருப்படி.

விமான நிலையத்துக்கு வந்தது என் வீட்டுக்காரரின் தங்கச்சி ராணி மச்சாளின் புருஷன், கணேசண்ணை. வான் ஏறிப் பத்து நிமிடமாகவில்லை, ரெக்ஸ்டேல் என்று பலகை தெரிந்தது.

"கணேசண்ணை, ரெக்ஸ்டேல்! ஒருக்கா உள்ளுக்கை விட்டுப் பாப்பமே?"

"உது எங்கடை பக்கம் இல்லைத் தங்கச்சி. பிறகு வருவம்."

பிறகாம்! 401 நெடுஞ்சாலையில், வாகன நெரிசலில், முப்பத்தெட்டுக் கிலோமீற்றர் கிழக்கே ஸ்காபரோவுக்குக் கொண்டுபோனார். ஒவ்வொரு கிலோமீற்றரையும் நான் திரும்பி வரவேண்டும் என்ற எரிச்சலில் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் எனக்கு நித்திரை என்று நினைத்து ரேடியோவை நிற்பாட்டினார்.

ஒக்டோபர் 13, ஞாயிறு

மார்க்கம் வீதியில், பதினான்காம் மாடி. ராணி மச்சாள் ஒன்பது வருடமாகத் தன் அண்ணனைக் காணவில்லை. அண்ணன் வராமல் அண்ணி மட்டும் வந்ததில் அவளுக்கு ஒரு கோபம், வந்ததில் ஒரு சந்தோஷம். இரண்டையும் சேர்த்துச் சாப்பாடாகப் போட்டாள். காலையில் இடியப்பம், பத்து மணிக்கு வடை, பன்னிரண்டுக்கு ஏழு கறி. எல்லாம் மரக்கறி, ஏனென்றால் இன்றைக்கு நவராத்திரி தொடக்கம்.

வந்த காரியத்தைச் சொன்னேன். அகப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஆர் போட்டதோ, ஆர் செத்ததோ! கண்டறியாத பழந்துணி. மச்சாள், கும்பம் வைச்ச வீடு இது. உதொண்டும் வாசற்படி தாண்டக்கூடாது."

"செத்தவையின்ரை உடுப்பு எண்டு ஆர் சொன்னது?"

"ஐம்பது வருசத்துக்கு முந்தி போட்டவன் இப்ப உயிரோடை இருக்கிறானோ?"

பின்னேரம் கோயில்.

ஒக்டோபர் 14, திங்கள்

இன்றைக்கு நாடு முழுக்க விடுமுறை. கிடங்கு பூட்டு, சூசையண்ணை வீட்டில்தான் இருப்பார், போகலாம் என்று விடிய ஆறு மணிக்கே வெளிக்கிட்டு நின்றேன். கணேசண்ணையும் வெளிக்கிட்டு நின்றார். நயாகராவுக்கு.

நூற்றைம்பது கிலோமீற்றர் போக, நூற்றைம்பது வர. வான் நிறுத்தப் பத்து டொலர். தண்ணீர் விழுகிறது. நிறையத் தண்ணீர் விழுகிறது. போனவர்கள் எல்லாரும் எழுதியிருக்கிறார்கள், நானும் எழுதிவிட்டேன். எனக்குப் பிடித்தது அங்கே ஒரு மனிதன். வேலியில் சாய்ந்துகொண்டு நின்றவன் போட்டிருந்த பழைய ஜாக்கெட்டில், கொலருக்குக் கீழே கழுத்தை மூடிப் பூட்டுகிற பட்டி இருந்தது. குளிர்காற்றுக்காக அந்தக் காலத்தில் வைக்கிற பட்டி. கிட்டப் போய்ப் பார்த்துக்கொண்டு நிற்க, அவன் மனைவி என்னை முறைத்தாள். "மச்சாள், அருவி அங்காலை இருக்கு" என்று ராணி என்னை இழுத்துக்கொண்டு போனாள். பின்னேரம் திரும்பி வந்து, கோயில்.

ஒக்டோபர் 15, செவ்வாய்

சேலைக்கடை. அதைப் பற்றி ஒன்றும் எழுதமாட்டேன். ஐந்து மணித்தியாலம். பிறகு கோயில்.

'சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடான்' என்பது சரியாக இதுதான். சூசையண்ணையோடு ரெலிபோனில் கதைத்தேன். "எப்ப வாறியள்?" என்றார். "கெதியிலை வாறன்" என்றேன். "ஜப்பான்காரர் அடுத்த கிழமை வாறார்" என்றார்.

ஒக்டோபர் 16, புதன்

ஒருவரையும் நம்பிப் பயனில்லை. விடிய எட்டரைக்கு, "கடைக்குப் போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். இரண்டு டொலர். மார்க்கம் வீதியில் பஸ் எடுத்து வோர்டன் நிலையம், அங்கேயிருந்து நிலத்துக்குக் கீழே ரயில், டஃபரினில் இறங்கித் தெற்கே இன்னொரு பஸ், சூசையண்ணையின் வீடு இருக்கிற பார்க்டேலுக்கு. எல்லாம் அந்த இரண்டு டொலருக்குள். போய்ச்சேர ஒரு மணி ஐம்பது நிமிடம். பஸ் சாரதியிடம் "பார்க்டேல் வந்தால் சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தேன். மனிதன் மறந்துவிட்டான், நாலு தரிப்பு தள்ளி இறக்கிவிட்டு, "நடந்தால் உடம்புக்கு நல்லது" என்றான். எல்லாரும் எனக்கு வைத்தியர்தான்.

சூசையண்ணை நிலக்கீழ் அறையில் இருந்தார். கட்டையான, தலை நரைத்த மனிதர். பின்னேர வேலைக்குப் போக ஒரு மணி வரைக்கும் நேரம் இருந்தது. மேரி மாதா படம், ஒரு கட்டில், ஒரு அலுமாரி. கட்டிலில் இருக்கச் சொல்லாமல், முதலில் கை கழுவச் சொன்னார். கழுவினேன். கைமணிக்கூட்டைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். பிறகு அலுமாரியைத் திறந்தார்.

எப்படிச் சொல்லுவேன்! ரயில் தொழிலாளியின் கோடு போட்ட ஜாக்கெட், உள்ளே கம்பளித் துணி வைத்துத் தைத்தது, நடுவில் ஓட்டை உள்ள பித்தளைப் பொத்தான்கள். பென்சில் குத்தி வைக்கவென்று தனியாக ஒரு விரல் அகலத்துக்குத் தைத்த பை. வியர்வை போக அக்குளில் போட்ட நாலு காற்றுத் துளை. மூன்று ஊசியில் ஒன்றாக ஓடின தோள் தையல், மூன்று வரியும் இம்மியும் விலகாமல். கண்ணீர் வந்துவிட்டது. அழுதேன் என்றே எழுதுகிறேன், வெட்கமென்ன.

"உந்தப் பொத்தானைச் சொல்லுங்கோ பாப்பம்" என்றார் பரீட்சை மாதிரி.

"பூனைக்கண். நடுவிலை நீட்டுக்குக் குழி. நூல் தேயாமல் இருக்க."

"ம்." அவர் திருப்திப்பட்டாரா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. அடியிலிருந்து ஒரு சட்டையை எடுத்தார். மெல்லிய நீலம். ஒருவரும் போடாதது, கடதாசிச் சீட்டு இன்னும் கொலரில். பக்கத் தையல் விளிம்பில் முக்கோணத் துண்டு வைத்துத் தைத்து, அதற்குக் கீழே, இரண்டு பக்கமும், ஒரு சாண் நீளத்துக்கு வால்.

"இதைக் கொண்டு போங்கோ. ஞாயிற்றுக்கிழமை உங்கடை மச்சாள் வீட்டை வந்து பாப்பன். நான் தந்தமாதிரி இருந்தா, மிச்சம் நாற்பத்திரண்டும் உங்களுக்குத்தான். அண்டைக்கே கார்கோவிலை ஏத்தி லண்டனுக்கு அனுப்பலாம்."

"இல்லாட்டி?"

"ஜப்பான்காரர் நல்ல மனிசன்தான்," என்றார். "தங்கச்சி, ஒண்டு மட்டும். நூலிலை கை வைக்காதையுங்கோ."

"என்னட்டையோ சொல்லுறியள்!" என்றேன். கோபம்கூட வந்தது. என்னிடம் போய்!

ஒக்டோபர் 17, வியாழன்

கடைக்குப் போனவள் ஐந்து மணித்தியாலம் கழித்து வந்ததற்கு நேற்று வாங்கிய பேச்சை விடுகிறேன். சட்டை வாசற்படி தாண்டவில்லை. "ஒருத்தரும் போடாத சட்டை, சீட்டைப் பாருங்கோ" என்று காட்டினேன்.

"அப்ப கடையிலை கிடந்து செத்த சட்டை" என்றாள் ராணி.

கடைசியில் கணேசண்ணை சமாதானம் பேசி, கதவுக்கு உள்ளே, சப்பாத்து வைக்கிற இடத்தில், பையில் போட்டுக் கொழுவலாம் என்று தீர்ந்தது. சாமியறை அங்கிருந்து தெரியாது என்பது காரணம். இன்று காலை பார்த்தால் பை நகர்ந்திருந்தது. பக்கத்தில் வீடு கூட்டுகிற தும்புத்தடி. கையால் தொடாமல் தும்புத்தடியால் தள்ளியிருக்கிறாள்! அவள் மகள் துசி, பதினைந்து வயது, சொன்னாள்: "மாமி, அம்மா அதை ஏதோ டெட் ரக்கூன் மாதிரித் தள்ளினவ. சோ ஃபன்னி." எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு நாளைக்கு எட்டுத்தரம் போய் வாலைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

ஒக்டோபர் 18, வெள்ளி

நவராத்திரியின் கடைசி மூன்று நாள், சரஸ்வதிக்கு. துசியின் கணக்குப் புத்தகம், கணேசண்ணையின் குறடு, ராணியின் கல்குலேற்றர் எல்லாம் கும்பத்துக்கு முன்னால் ஏறின. ராணி எனக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"என்ன?"

"உங்கடை தொழில் சாமான். கத்தரி."

என் சின்னக் கத்தரி எப்போதும் கைப்பையில் இருக்கும். அது இல்லாமல் எனக்குக் கை வெறுமையாக இருக்கும். "நான் ஞாயிறு போறன் மச்சாள். விஜயதசமி திங்கள். எப்பிடி எடுக்கிறது?"

"எடுக்கேலாது. பூசையிலை வைச்சதை இடையிலை எடுத்தா சரஸ்வதி கோவிப்பா. அடுத்தமுறை வந்து எடுங்கோ."

இவளோடு வாதாடிய ஆள் வென்றதாகச் சரித்திரம் இல்லை. கத்தரி சந்தனப் பொட்டோடு குறட்டுக்குப் பக்கத்தில் போய்ப் படுத்தது. உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது. சட்டையும் கத்தரியும் ஒரே வீட்டில் இருப்பதை விட, கத்தரி சாமியோடு இருப்பது நல்லதுதானே.

ஒக்டோபர் 20, ஞாயிறு, காலை 11.30

விமானம் இரவு எட்டரைக்கு. சூசையண்ணை பன்னிரண்டு மணிக்கு வருகிறார். அவருடைய சிநேகிதன் ஒருவனின் வானில் நாற்பத்திரண்டு உருப்படியும் ஏற்றியாகிவிட்டது என்று காலையில் ரெலிபோன் எடுத்தார். எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

வாசலில், சப்பாத்துகளுக்கு நடுவில், ஒரு கதிரை போட்டு, மடியில் நீலச் சட்டையை விரித்து வைத்துக்கொண்டு இருந்தேன். முன்னால் என் சூட்கேஸ், குளியலறையில் இருந்து கொண்டுவந்த தராசின் மேல். ஒரு பெட்டிக்கு முப்பத்திரண்டு கிலோ. முள் முப்பத்திநாலில் நின்றது. ஏன் நிற்காது? ராணியின் சிநேகிதிகள் எல்லாரும் லண்டனில் இருக்கிற தங்கள் சொந்தங்களுக்குப் பார்சல் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். கலியாண வீடியோக் கசெற் ஆறு. ஒரு இடியப்ப உரல். மூன்று கிலோ கறித்தூள். லண்டனில் கறித்தூள் இல்லையாம்!

"உந்தச் சட்டையை விட்டால் பாரம் குறையும்தானே?" என்றார் கணேசண்ணை.

எட்டு நாள் எரிச்சலும் ஒன்றாகக் கிளம்பியது. "முந்நூறு கிராம்! இந்தச் சட்டை முந்நூறு கிராம்! மூண்டு கிலோ கறித்தூளை ஆர் கேட்டது? வந்த அண்டைக்கு ரெக்ஸ்டேலிலை ஒருக்கா நிப்பாட்டினீங்களா? அந்தத் தண்ணி விழுறதைப் பாக்க முந்நூறு கிலோமீற்றர் ஓடத் தெரியும், பத்து நிமிசம் வானைத் திருப்பத் தெரியாது! சேலைக்கடையிலை ஐஞ்சு மணித்தியாலம்! நான் ஆரிட்டையும் ஒரு சேலை கேட்டனானோ? கோயில், கோயில், கோயில்..."

"மாமி," என்றாள் துசி.

"நீ பொறு. பெரியாக்கள் கதைக்கேக்கை..."

"மாமி, உங்கட ஹாண்ட்."

குனிந்து பார்த்தேன்.

சங்கிலித் தையலைப் பற்றி ஒன்று சொல்லவில்லை. தொடங்கின பக்கத்தால் இழுத்தால் இறுகும். முடிந்த பக்கத்தால், கடைசி வளையத்தை நகத்தால் தளர்த்தி, சரியான நூலைப் பிடித்து இழுத்தால், டர்ரென்று முழுவதும் கழன்று வரும். வால் தொங்குவது முடிந்த பக்கத்தில். கழற்றத் தெரிந்த விரல் என்னுடையது. பதினொரு வருடம், ஒரு நாளைக்கு எத்தனையோ தரம். கத்தரி இருந்திருந்தால் வாலை வெட்டியிருப்பேன், அதோடு போயிருக்கும். கத்தரி சரஸ்வதியிடம். கை சும்மா இருக்கத் தெரியாமல் தன் மற்ற வேலையைச் செய்திருக்கிறது. பக்கத் தையலுக்கு இரண்டு வரி. முதல் வரி கழன்று சுருண்டு என் மடியில் கிடந்தது. இரண்டாவது வரி இன்னும் என் விரலில் இருந்தது. சட்டையின் இடது பக்கம் விளிம்பிலிருந்து அக்குள் வரைக்கும் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

வேலியே பயிரை மேய்ந்துவிட்டது. ராணியிடமிருந்து காத்தேன், தும்புத்தடியிடமிருந்து காத்தேன், என் கையிடமிருந்து காக்க எனக்குத் தோன்றவில்லை. ஐம்பது வருடம் ஒருவரும் தொடாத நூல்! ராணி எட்டிப் பார்த்தாள். முதலில் சட்டையை, பிறகு என் முகத்தை.

கீழ் வாசலில் மணி அடித்தது. சூசையண்ணை.

லிஃப்ற் பதினான்கு மாடி ஏறி வருவதற்குள், "மெஷினிலை அடிச்சுத் தரட்டே?" என்றார் கணேசண்ணை. வீட்டு மெஷினில் தைத்தால் சூசையண்ணை பெருவிரலை ஓட்டியே கண்டுபிடிப்பார். "வேண்டாம்" என்றேன். சொல்லி முடிய அவர் கதவில் நின்றார், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு, கோயிலுக்குப் போய் வந்த மனிதர் மாதிரி. அவருடைய கண் நேரே என் மடிக்குப் போனது.

ராணி எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணை, பிழை என்னிலை. மச்சாள் பாவம், பொத்திப் பொத்தி வைச்சவ. நான்தான் தெரியாமல் நூலை இழுத்துப்போட்டன்."

இதை என்ன சொல்ல! இந்தப் பெண் எட்டு நாள் என்னைப் பாடாய்ப் படுத்தினாள். இப்போது எனக்காகக் கும்பம் வைத்த வீட்டில், விரதத்தில், கூசாமல் பொய் சொல்லுகிறாள். நான் வாயைத் திறந்திருக்கவேண்டும். திறக்கவில்லை. எண்ணிச் சொன்னால் பத்து வினாடி. அந்தப் பத்து வினாடியும் நான் நினைத்தது நாற்பத்திரண்டு என்கிற ஒரு எண்ணைத்தான்.

சூசையண்ணை ராணியைப் பார்த்தார். "கையாலையோ இழுத்தனீங்கள்?"

"சீ! உதை ஆர் கையாலை தொடுறது!" என்றாள் ராணி.

சொன்ன பிறகுதான் அவளுக்கு விளங்கியது. வாயைப் பொத்தினாள். துசி சுவரில் சாய்ந்து சிரிக்கத் தொடங்கினாள். கணேசண்ணை தராசைப் பார்த்தார்.

"நான்தான் அண்ணை," என்றேன். "பேசிக்கொண்டு இருக்க என்ரை கை இழுத்துப்போட்டுது."

"தெரியும் தங்கச்சி," என்றார். குனிந்து, பிளந்த இடத்தை விரலால் தொட்டார். "தெரியாத ஆள் இழுத்திருந்தா நூல் அறுந்திருக்கும், இல்லாட்டிச் சிக்குப்பட்டிருக்கும். இதிலை ஒரு நூலும் அறேல்லை. இழுக்கத் தெரிஞ்ச கை." நிமிர்ந்தார். "நானும் வீட்டிலை உடுப்பு மடிக்கேக்கை மூண்டாப் பிரிச்சுப் போடுறன். போடக் கூடியது, துடைக்கக் கூடியது, எறியிறது. மனிசி வந்து என்ன சொல்லப்போறாவோ. கை அப்பிடித்தான். ஆனா உங்களிட்டைத் தரேலாது. கோவத்திலை சொல்லேல்லை. அந்தக் கை இருக்கிற வீட்டிலை உதுகளை வைக்கேலாது."

அவர் சொன்னது நியாயம். அதுதான் பொறுக்க முடியவில்லை. கோபப்படக்கூட ஒருவரும் மிஞ்சவில்லை, நான்தான்.

அப்போது சூசையண்ணை திரும்பவும் ராணியைப் பார்த்தார். "நீங்கள் தொடவே மாட்டீங்களோ?"

"என்னத்தை?"

"இந்த உடுப்பை."

"செத்தாலும் தொடமாட்டன்."

"தோய்க்க மாட்டீங்கள்?"

"என்ரை மெஷினிலையோ! ஐயோ கடவுளே!"

"மடிச்சு எடுத்து வைக்க, ஆருக்கும் போடக் குடுக்க, அழகு பாக்க?"

"அண்ணை, உங்களுக்கு விளங்கேல்லை. நான் கிட்டவும் போகமாட்டன்."

"வீட்டிலை இடம் இருக்கோ?"

"கீழை லொக்கர் ஒண்டு சும்மா கிடக்கு," என்றார் கணேசண்ணை, ஒருவரும் தன்னைக் கேட்காமலே. "காய்ஞ்ச இடம். ஈரம் இல்லை. பூட்டு இருக்கு."

சூசையண்ணையின் முகத்தில், புதன்கிழமை நான் பூனைக்கண் பொத்தானைச் சொன்னபோது வராத திருப்தி, இப்போது முழுதாக வந்தது. ஒருவரும் தொடமாட்டார்கள், ஒருவரும் விற்கமாட்டார்கள். மூன்று வருடம் பொத்தான் பொத்தானாகப் படித்த என்னை விட்டு, தும்புத்தடியால் தள்ளின மனுசிக்கு!

"எனக்கேன் உந்தக் கோதாரி?" என்றாள் ராணி. பிறகு என்னைப் பார்த்தாள். நான் இன்னும் அந்தக் கதிரையில், பிளந்த சட்டையோடு, சப்பாத்துகளுக்கு நடுவில் இருந்தேன். அழுதுகொண்டு இருந்தேன் போல. அவள் குரல் மாறிவிட்டது. "சரி. வைக்கிறன். ஆனா ஒரு கதை. மச்சாள் வருசா வருசம் வந்து பாக்கவேணும். அண்ணாவையும் கூட்டிக்கொண்டு. அவர் வராட்டி, நான் லொக்கரைத் திறக்கமாட்டன்."

ஒன்பது வருடம் கேட்டும் வராத அண்ணனை நாற்பத்திரண்டு பழந்துணியால் பிடித்துவிட்டாள். கெட்டிக்காரி.

ஒரு மணிக்குள் எல்லாம் லொக்கருக்குள் போய்விட்டது. சூசையண்ணை தன் கையாலேயே கொழுவினார். சாவி சாமியறை ஆணியில், என் கத்தரிக்கு மேலே. சாப்பாட்டுக்கு ஏழு மரக்கறி. சூசையண்ணை போகும்போது நீலச் சட்டையை அவரிடம் நீட்டினேன். வாங்கவில்லை. "அது உங்கடை. தைக்காதையுங்கோ, அப்பிடியே விடுங்கோ" என்றார்.

விமான நிலையத்துக்குப் போகும் வழியில், ரெக்ஸ்டேல் பலகை வந்தவுடன் கணேசண்ணை வேகத்தைக் குறைத்து, "ஒருக்கா உள்ளுக்கை விட்டுப் பாப்பமே?" என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார். சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. கறித்தூளில் இரண்டு கிலோ அவருடைய வானில் விட்டேன்.

லண்டன், நவம்பர்

எங்கள் வீட்டு அலுமாரியில் இப்போது பன்னிரண்டு சட்டை. பன்னிரண்டாவது, பக்கம் பிளந்தபடி தொங்குகிறது. அதன் வலது பக்க வால் இன்னும் அப்படியே இருக்கிறது. அலுமாரியைத் திறந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பார்க்கிறேன். வேலையில் புதுக் கத்தரி தந்தார்கள், கைக்கு இன்னும் பழகவில்லை. நான் விளம்பரம் போட்ட பத்திரிகைக்காரர் ரொறன்ரோவையும் லண்டனையும் ஒப்பிட்டு எழுதச் சொல்கிறார்கள். ரொறன்ரோவில் வீதி அகலம், பஸ் மலிவு. என் சட்டைகளுக்கு அங்கே என்னை விட நல்ல காவல்.

நேற்று ராணி ரெலிபோன் எடுத்தாள். சூசையண்ணையின் குடும்பம் வந்து சேர்ந்துவிட்டதாம். வந்த மூன்றாம் நாளே பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, லொக்கர் பூட்டை இழுத்துப் பார்க்க வந்தாராம்.

"மச்சாள், ஒண்டுக்கும் யோசிக்காதையுங்கோ. நான் அந்தப் பக்கம் எட்டியும் பாக்கேல்லை," என்றாள் பெருமையாக. "அண்ணாட்டைச் சொன்னனீங்களே? இந்தமுறை நயாகராவை இரவிலை பாப்பம். கலர் கலரா லைற் அடிப்பினமாம்."

என் வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தார். இரண்டு ரிக்கெற் என்ன விலை என்று நான் ஏற்கெனவே விசாரித்தது அவருக்குத் தெரியாது.

"ஓம் மச்சாள்," என்றேன். "வாறம்."